பசித்த சிறுவனும் பழிக்கும் குமுகமும்

புறநானூற்றின் நூற்று அறுபதாம் பாட்டிலே ஒரு சிறுவன் வருகின்றான். அவனுக்குப் பெயரில்லை. பெருஞ்சித்திரனார் என்னும் புலவரின் மகன் என்பதே நாமறிந்தது. வீட்டில் உண்ண ஒன்றுமில்லாமையால் வீட்டையே மறந்து வெளியில் திரிந்து பழகிவிட்டான் அவன். எப்பொழுதேனும் உள்ளே வந்தால் கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கின்றான், சோறும் இல்லை, கூழும் இல்லை, அழுகின்றான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்துகின்றாள். நிலவைக் காட்டி மயக்குகின்றாள். ஒன்றும் ஆகாமற்போக, அப்பன்மேல் எவ்வாறு சினங்கொள்வாய், அம்முகத்தை எனக்குக் காட்டு என்று கேட்டு அழுகையைத் திருப்புகின்றாள். இதனைக் குமணன் முன்னே சென்று சொல்லி நிற்கின்றார் புலவர்.

அப்பாட்டை வகுப்பறையில் பல்லாண்டுகள் நடத்தியவன் யான். வறுமைக்கு எடுத்துக்காட்டு என்றும், குமணன் கொடைக்குச் சான்று என்றும் சொல்லி அடுத்த பாட்டிற்குச் சென்றிருக்கின்றேன். அதனுள்ளே கிடக்கும் ஓர் உண்மையை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன். பசித்த சிறுவன் முதலில் திருடுவதில்லை. முதலில் வீட்டை மறக்கின்றான். வீட்டை மறந்தவனைத் தெரு எடுத்துக்கொள்கின்றது. தெரு அவனுக்கு எதைக் கற்பிக்கும் என்பது அத்தெருவில் அன்று எவன் நிற்கின்றான் என்பதைப் பொறுத்தது.

சிறார் குற்றம் பெருகிவிட்டது என்று செய்தித்தாள்கள் அலறும்போதெல்லாம் நம் அன்பர்கள் சிலரும் உடன்சேர்ந்து, 'இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டனர். பிரம்பை ஒழித்ததனால் வந்த வினை' என்று பேசக் கேட்கின்றோம். பிள்ளைகள் கெட்டனரா, பிள்ளைகளைச் சுற்றியிருந்த வேலி கெட்டதா என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

நம் குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் போராடித் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண் இது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிவுடையோர். தமிழக மாவட்டங்களுள் இதுவே முதலிடம். தோவாளையிலும் அகத்தீசுவரத்திலும் நெல்வயலும் வாழையும். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இரப்பர்த் தோட்டங்கள். கடற்கரை நெடுக மீன்பிடி ஊர்கள். வெளியூரார் வந்து பார்த்துவிட்டு, 'இங்கு ஏழைகளே இல்லை போலும்' என்பர். அவ்வாறு தோன்றுவதுதான் இங்குள்ள ஏழையின் இடர். ஊரே ஏழையாயின் ஏழைமை எவரையும் குத்தாது. வளைகுடாப் பணத்தில் பக்கத்து வீட்டில் மாடி எழும்பும்போது தன் கூரை ஒழுகினால் அது பசியினும் கொடிதாகத் தைக்கும். பதின்மூன்று அகவைச் சிறுவனுக்கு அது இருமடங்காகத் தைக்கும்.

இங்கே வறுமைக்கென்று ஒரு திங்கள் உண்டு. அது பள்ளி திறக்கும் சூன் திங்கள். தென்மேற்குப் பருவமழை அப்பொழுதுதான் தொடங்கும். மேலைக் கடலில் சூன் முதல் நாளிலிருந்து சூலை இறுதி வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்பிற்குத் தடை. மழையில் இரப்பர் மரத்தில் பால்வெட்டு தடைப்படும். பச்சைச் செங்கல் காயாது, சூளை நிற்கும். முந்திரி ஆலைகளுக்கு அயல்நாட்டிலிருந்து கப்பலில் கொட்டை வந்தால் வேலை, வாராவிடில் வேலையில்லை. (மக்கள் வாயில் அவ்வாலைகளுக்கு 'அண்டி ஆப்பீசு' என்று பெயர்; பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகிய அப்பெயரை எத்தனை முறை திருத்தினாலும் அவர்கள் விடுவதாயில்லை.) இவ்வாறு கடலும் மரமும் சூளையும் ஒருங்கே கதவடைக்கும் திங்களில்தான் பள்ளி கதவு திறக்கின்றது. பாடநூலை அரசு தரும். குடையை எவர் தருவார்? காலைச் சோற்றை எவர் இடுவார்? சூன் திங்களில் வாராத பையன் சூலையில் வருவான் என்று நாங்கள் எண்ணிக்கொள்வோம். சூலையில் வாராதவன் பின்னர் வருவதில்லை.

அத்தகைய ஒருவனைப் பற்றிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்குளம் வட்டத்துப் பள்ளியொன்றில் யான் எட்டாம் வகுப்பு ஆசிரியன். தந்தை பனையேறி, மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். தாய் முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த கைகள். விடியுமுன் வீட்டைவிட்டுச் சென்றால் இருட்டிய பின்னரே திரும்புவார். மகன் படிப்பில் நடுத்தரம். பாட்டை ஓசையோடு சொல்வதில் வகுப்பில் முதல்வன். அவ்வாண்டு சூன் திங்களில் அவன் வரவில்லை. மூன்று கிழமை பொறுத்திருந்தேன். பின்னர் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அற்றை நடைமுறை அதற்கு இடந்தந்தது. அடிக்குமுன் வீடு தேடிச் சென்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். வீடு மூன்று கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது, மழை பெய்தது, யான் செல்லவில்லை.

அவன் எல்லைக்கு அப்பால் கேரளத்து உணவுக்கடையொன்றில் எச்சிற்கலம் கழுவிக்கொண்டிருந்தான் என்பதைப் பிறகு அறிந்தேன். ஒன்றரையாண்டு கழித்துக் கூலி தாராமல் விரட்டப்பட்டு ஊர் திரும்பினான். பள்ளியில் அவனுக்கு இடமில்லை. அவனோடு படித்தவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்தனர். வீட்டில் அவனுக்குச் சோறில்லை. நாற்சந்தியில் மூத்த பையன்கள் சிலர் நின்றனர். அவர்கள் தேநீர் வாங்கிக் கொடுத்தனர். பதினைந்தாம் அகவையில், தோட்டமொன்றில் கொடியில் உலர்த்தியிருந்த இரப்பர்த் தாள் நான்கினை எடுத்ததாகப் பிடிபட்டான். அத்தாள்களை எடைபோட்டு அரைவிலைக்கு வாங்கிய கடைக்காரரை ஒருவரும் தேடவில்லை. அவர் அகவை முதிர்ந்தவர், ஊரில் மதிப்புள்ளவர், கோயில் விழாவிற்கு நன்கொடை தருபவர்.

அதே கிழமையில் அதே சாலையில் செல்வர் வீட்டுப் பையனொருவன், ஓட்டுரிமம் இல்லாமலே தந்தையின் மகிழுந்தை ஓட்டிச் சென்று ஒரு மூதாட்டியின் காலை முறித்தான். அவனுக்கும் அகவை பதினைந்து. பொழுது சாயுமுன் மருத்துவச் செலவிற்குப் பணம் கைம்மாறியது. தந்தையார் காவல்நிலையத்திலிருந்து சிரித்துக்கொண்டே வெளிவந்தார். முறிந்தது ஓர் உயிர்ப்பொருளின் எலும்பு. களவு போனது நான்கு தாள். ஆயினும் ஒருவன் செய்தது 'விளையாட்டுத்தனம்'. மற்றவன் செய்தது குற்றம்.

தாய் என்னிடம் வந்தார். விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்றார். எழுதத் தொடங்கினேன். "அவனெக் கள்ளன்னு எழுதண்டாம் சாரே" என்றார். 'சாரே' என்னும் சொல்லைக் கேட்டால் உடனே திருத்துவது என் வழக்கம், அன்று வாயெழவில்லை. பிணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நிலவரிச் சீட்டு உடையவராக இருத்தல் வேண்டும் என்றார்கள். அவருடைய உறவில் நிலவரிச் சீட்டு உடையவர் ஒருவருமில்லை. என்னிடம் இருந்தது. கையெழுத்திடுமுன் மூன்று நாள் எண்ணினேன். நாளை இவன் ஓடிவிட்டால் என் பெயர் என்னாவது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அக்கேள்வி இருந்தது. பின்னர்க் கையெழுத்திட்டேன். தாள் மேலேறிக் கீழிறங்கி முடிவதற்குள் ஐந்து கிழமை சென்றது. அதுவரை அவன் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் ஓர் இல்லத்தில் கிடந்தான். தாய் ஒருமுறைதான் சென்று பார்த்தார். அதற்கே இரண்டு நாள் கூலி போயிற்று.

வெளிவந்தவனுக்கு ஊரில் புதிய பெயர் காத்திருந்தது. அதன்பின் எந்தத் தோட்டத்தில் எது களவு போனாலும் காவலர் முதலில் தட்டியது அவன் வீட்டுக் கதவைத்தான். தாய் எழுதவேண்டாம் என்று கெஞ்சிய சொல்லை ஊரே சேர்ந்து அவன் நெற்றியில் எழுதிவிட்டது.

வறுமை சிறுவனைக் குற்றவாளியாக்குகின்றது என்று பொதுப்படச் சொல்வார் உளர். அது ஏழைக்கு இழைக்கும் இழிவு. 'ஏழைகள் எல்லாரும் திருடுகின்றனரா?' என்று எதிர்த்துக் கேட்பாரும் உளர். இல்லை, திருடுவதில்லை. அரிசிப்பானை கவிழ்ந்து கிடக்கும் ஆயிரம் வீடுகளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வீட்டுப் பிள்ளைகள் பிறர் பொருளைத் தொடுவதில்லை. ஆயின், வறுமை செய்வது என்ன? பிள்ளைக்கும் வீழ்ச்சிக்கும் இடையே நிற்கும் தடுப்புகளை அது ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்கின்றது. தாயை வீட்டிலிருந்து பெயர்க்கின்றது. தந்தையைப் படுக்கையிலோ குடிக்கடையிலோ தள்ளுகின்றது. பள்ளியிலிருந்து பெயரை அடிக்கின்றது. தவறியவனைத் தூக்கிவிடப் பிணையாளும் வழக்கறிஞரும் இல்லாமற் செய்கின்றது. எல்லாப் பிள்ளைகளும் தவறுவர். செல்வன் மகன் தவறினால் விழுவது மெத்தைமேல். வறியவன் மகன் தவறினால் விழுவது கிணற்றில்.

நாஞ்சில் நாட்டு உழவனுக்கு இது எளிதில் விளங்கும். குளத்து மடை உடைந்து நீர் ஊருக்குள் புகுந்தால் எவனும் நீரை வைது நிற்பதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையை நோக்கி ஓடுகின்றான்.

கடற்கரை ஊர்களைப் பார்த்தும் இதனைத் தெளிந்தேன். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் வாரிக்கொண்டு போன உயிர்கள் பல. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலிலே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆடவர் பலர் ஆழ்கடலுக்குச் சென்று திரும்பவேயில்லை. ஒரே தெருவில் தந்தையை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்பிள்ளைகளை ஊரும் உறவும் கோயிலும் தாங்கிப் பிடித்தன. அவ்வாறு தாங்கப்பெற்றவருள் வழி தவறியவர் மிகச் சிலர் என்பதே யான் அவ்வூர்களில் பழகி அறிந்தது. அங்கே வறுமை இருந்தது, தடுப்பு பெயர்க்கப்படவில்லை.

இனி, குறளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வாதிட வருவோர்க்கு ஒரு சொல். பெற்ற தாய் பட்டினி கிடப்பதைக் காண நேர்ந்தாலும் பெரியோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்று வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர் கூறவில்லையா என்பர். கூறினார். அஃது அமைச்சியல் பகுதியில், வினையாற்றும் முதிர்ந்த அறிஞனுக்குக் கூறியது. பன்னிரண்டு அகவைப் பாலகனை அத்தராசில் நிறுத்துவது முறையாகாது. இரந்துதான் ஒருவன் உயிர் வாழவேண்டுமெனில் உலகை அவ்வாறு அமைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சினந்தவரும் அதே வள்ளுவர்தாம். முதற்குறளை ஏழைக்குச் சொல்வோர் இரண்டாவதைத் தமக்கே சொல்லிக்கொள்ளட்டும்.

குற்றம் குருதியில் ஊறிவருவது என்னும் கொடிய கருத்தும் இன்னும் சாகவில்லை. 'அவன் பிறந்த இடம் அப்படி' என்று ஊர்ப்பெரியவர் ஒருவர் அப்பையனைப் பற்றி என்னிடமே சொன்னார். வெள்ளைக்காரன் 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை எழுதி, 1911இல் அதனைச் சென்னை மாகாணத்திற்கும் நீட்டினான். பிறப்பினாலேயே ஒருவனைக் கள்ளன் என்று பதிவுசெய்த சட்டம் அது. கைரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்களை 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றனர். மாயக்காள் என்னும் பெண்மணியும் அதில் மாண்டார். வியப்பென்னவெனில், அதே 1920ஆம் ஆண்டில்தான் அதே சென்னை அரசு இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறார் சட்டம் ஒன்றை இயற்றியது. தவறிழைத்த சிறுவனைச் சிறையில் தள்ளலாகாது, அவன் திருந்தத்தக்கவன் என்று அச்சட்டம் கூறிற்று. ஒரு கையால் சிறுவன் குற்றவாளியல்லன் என்று எழுதி, மறு கையால் கருவிலேயே குற்றவாளி என்று எழுதியது ஓர் ஆட்சி. குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. நம் நெஞ்சிலிருந்து ஒழிந்ததா என்பதை அந்த ஊர்ப்பெரியவரைத்தான் கேட்கவேண்டும்.

அறிஞர் ஆய்வும் குருதிக் கொள்கையைப் பொய்யென்றே காட்டிற்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் சா, மெக்கே என்னும் இருவர் பல்லாண்டுச் சிறார் வழக்குகளைத் தெருத்தெருவாக வரைபடத்தில் குறித்து 1942இல் வெளியிட்டனர். நகரின் நடுவே ஆலைகளை ஒட்டிய இடிந்த குடியிருப்புகளில் முதலில் ஓரினத்தார் வாழ்ந்தனர். அவர்கள் கைப்பொருள் சேர்த்து வெளியேறப் பிறிதோர் இனத்தார் குடிபுகுந்தனர். பின்னர் வேறோர் இனத்தார். குடியிருந்த இனம் மாறிக்கொண்டே இருந்தது. சிறார் குற்றத்தின் அளவு அவ்விடத்தில் மாறவேயில்லை. வெளியேறிச் சென்ற இனத்தின் பிள்ளைகளிடமோ அது குறைந்துபோயிற்று. குற்றம் பிறப்பிலன்று, இருப்பிலேயே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? இலண்டனில் சிரில் பர்ட்டு என்பார் 1925இல் வெளியிட்ட ஆய்வில், தவறிய சிறாருள் பாதிக்கு மேற்பட்டோர் வறிய வீட்டினர் என்று கண்டார். வறியவருள் மிகப் பெரும்பாலோர் தவறுவதில்லை என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். இரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்பவனே இச்சிக்கலைப் பேசத் தகுதியுடையவன்.

நம் நாட்டுக் கணக்கும் அதுவே. இந்திய அரசின் குற்ற ஆவணப் பணியகம் 2013ஆம் ஆண்டிற்கு வெளியிட்ட கணக்கில், பிடிக்கப்பெற்ற சிறாருள் ஏறத்தாழச் செம்பாதியர் ஆண்டு வருமானம் 25,000 உருவாவிற்கு உட்பட்ட குடும்பத்தினர். அவர்களுள் ஐந்தில் நால்வர் பெற்றோருடன் வாழ்ந்தவர்கள். ஏதிலிகள் அல்லர், ஓடிப்போனவர் அல்லர், தாயும் தந்தையும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். வீடு இருந்தது, வீட்டில் ஆளில்லை.

தில்லியில் 2012ஆம் ஆண்டு இறுதியில் ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எவரும் மறந்திரார். குற்றவாளிகளுள் ஒருவன் பதினெட்டை எட்டச் சில திங்களே குறைந்தவன். அக்கொடுமைக்கு எவ்வகை வறுமையும் விடையாகாது. அதனை இங்கே ஒருவரும் மழுப்பவேண்டா. ஆயினும், அதன்பின் எழுந்த கொதிப்பில் இயற்றப்பட்டு 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சிறார் சட்டத்தைப் பற்றி மக்கள் அறிந்ததெல்லாம் ஒன்றே. பதினாறு நிரம்பியவன் கொடுங்குற்றம் புரிந்தால் முதிர்ந்தோர் போல உசாவலாம் என்னும் பகுதி அது. அதே சட்டத்தின் மறுபகுதியை ஏழைத் தாய்மார்க்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே இங்கே சொல்கின்றேன்.

பிடிபட்ட சிறுவனைக் காவல்நிலையக் கொட்டடியில் அடைத்தல் கூடாது, விலங்கிடுதல் கூடாது, 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னே நிறுத்தவேண்டும். சிறு திருட்டு போன்றவற்றிற்கு, முதிர்ந்தோர் எவரும் உடன் இல்லையாயின், முதல் தகவல் அறிக்கையே பதிதல் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு விதி. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, அவன் குடும்ப நிலை, வருமானம், படிப்பு நின்ற கரணியம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு படிவம் நிரப்பவேண்டும். பிணை என்பது அவனுக்கு உரிமை. பிணையாள் இன்றியும் விடலாம். தீயோரோடு சேர்வான், அவனுக்கே இடர் நேரும், முறைமைக்கே கேடாகும் என்று கருதத்தக்க ஏது இருந்தாலன்றி மறுத்தல் கூடாது. மறுத்தால் எழுதி மறுக்கவேண்டும். பிணைக்கென விதித்ததை நிறைவேற்ற இயலாமல் ஏழு நாள் உள்ளேயே கிடந்தால், அவ்விதிப்பைத் தளர்த்துவதற்காகவே அவனை மீண்டும் குழுமத்தின் முன்னே கொண்டுவருதல் வேண்டும். வறுமை என்று ஒன்று உண்டு என்பதைச் சட்டம் எழுதியவர் அறிந்தே எழுதியுள்ளார். அற்றைநாள் எங்கள் ஊர்ப் பையனுக்கு இவ்வேழு நாள் விதி வாய்த்திருக்குமாயின் ஐந்து கிழமை ஒரு கிழமையாகியிருக்கும். எழுதிய விதி வேறு, எட்டிய விதி வேறு. அப்படிவத்தில் 'படிப்பு நின்ற கரணியம்' என்னும் கட்டத்தை நேர்மையாக நிரப்புவதானால் பள்ளி ஆசிரியன் ஒருவனையும் அழைத்து உசாவவேண்டியிருக்கும்.

விதி எட்டாதபோது நிகழ்வதைச் செங்கற்பட்டு காட்டியது. ஆங்கிலேயர் காலத்திலேயே சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற அரசு இல்லம் அங்கே உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதி நாள்களில், தாம்பரம் தொடர்வண்டி நிலையப் பகுதியில் மின்கலம் திருடியதாகப் பதினேழு அகவைச் சிறுவன் ஒருவன் பிடிக்கப்பட்டு அவ்வில்லத்திற்கு அனுப்பப்பட்டான். தாய் கணவனை இழந்தவர், பிள்ளைகள் பலர். சில நாள்களுக்குள் அச்சிறுவன் பிணமானான். அடித்துக் கொன்றதாக அவ்வில்ல ஊழியர் அறுவர் தளைசெய்யப்பட்டனர். பின்னர் ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு அவர்களைக் கொண்டு இவ்வகை இல்லங்களை ஆராய ஒருவர் குழுவை அரசு அமர்த்தியது. ஒரு மின்கலத்தின் விலை என்ன? தந்தையுள்ள, பொருளுள்ள வீட்டுப் பிள்ளை அதனை எடுத்திருந்தால் அன்றிரவு எங்கே படுத்து உறங்கியிருப்பான்? விடை தெரியாதவர் நம்முள் எவருமிலர்.

அவ்வகை இல்லங்களுள் ஒன்றிற்குக் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர். எத்துணை அழகிய தமிழ்! கூர்ந்து நோக்குதற்குரிய இல்லம். ஆட்சிச்சொல் ஆக்கியவருள் நல்ல தமிழறிந்த ஒருவர் இருந்திருக்கின்றார். பெயரைத் தமிழாக்கியதோடு நம் கடன் முடிந்தது என்று நாமும் இருந்துவிட்டோம். கூர்ந்து நோக்குவது எதனை? அவன் பூட்டை உடைத்தானா என்பதையா, அவன் எத்தனை நாளாய் உண்ணவில்லை என்பதையா? மணிமேகலைக் காப்பியத்திற்குச் சென்று பாருங்கள். பசியால் துடித்த சிறையாளிகளைப் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தில் கண்ட மணிமேகலை, அவர்களிடம் குற்றம் என்னவென்று கேட்கவில்லை, முதலில் சோறிட்டாள். வியந்த சோழ மன்னன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்று வேண்டினாள், மன்னன் ஆக்கினான். அதற்கென ஒரு காதையே அக்காப்பியத்தில் உண்டு. சிறார் சீர்திருத்தம் மேலைநாட்டார் நமக்குக் கற்பித்தது என்போர் அக்காதையை ஒருமுறை படிக்கட்டும்.

குடியைப் பற்றி நிறைய எழுதவேண்டா, அன்பர்கள் அறிவர். 1983இல் தமிழக அரசு தொடங்கிய வாணிகக் கழகம் 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்தத் தொடங்கிற்று. பால்வெட்டுக் கூலி அக்கடை வழியாகத்தான் வீட்டிற்கு வரவேண்டும் என்றால், வருவதில் எவ்வளவு மிஞ்சும்? தந்தையின் கூலியை மாலையில் வாங்கிக்கொண்டு, மகன் திருடினான் என்று காலையில் பிடித்துச் செல்லும் ஆட்சியை என்னென்பது!

சோற்றிற்கு வருவோம், எல்லாம் அங்கேதான் தொடங்கியது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட நேர்ந்த காமராசர் முதலமைச்சராய் இருந்தபோதுதான் 1956இல் பள்ளியில் பகலுணவு விரிந்தது. அவரையே 1969 இடைத்தேர்தலிலும் 1971லும் நாகர்கோவில் தொகுதி நாடாளுமன்றத்திற்கு அனுப்பிற்று என்பது நமக்குப் பெருமை. 1982 சூலையில் ம.கோ.இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவாக வளர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 சூலையில் ஊர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உதவிபெறும் பள்ளிகள் மலிந்த நம் மாவட்டத்திற்கு அது பெரும்பேறு. இவற்றைக் கட்சி பார்த்துப் புகழ்வதும் இகழ்வதும் நம் வேலையன்று. ஒவ்வோர் இட்டிலியும் ஒரு பிள்ளையைத் தெருவிலிருந்து வகுப்பிற்கு இழுக்கும் கயிறு. ஆனால் அக்காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும்படியே அமைந்தது. ஆறாம் வகுப்பு முதற்கொண்டு காலையில் பசிப்பதில்லை போலும்! வளரும் பையன் மிகுதியாக உண்பதும், வேலைக்குத் தகுதியாய்க் கைகால் நீள்வதும், மூத்தவர்கள் தேநீர் வாங்கித் தருவதும் அந்த அகவையிலேதான்.

நம் இயக்கத்திற்குப் படிப்பகங்கள் உள்ளன, கிழமைதோறும் கூடுகின்றோம். சூன் இறுதிக் கிழமையில் அருகிலுள்ள பள்ளிக்கு இருவர் சென்று, இவ்வாண்டு வாராத பிள்ளைகள் எவரெவர் என்று தலைமையாசிரியரைக் கேட்டுப் பெயர் வாங்கி வீடு தேடிச் செல்வது நம்மால் ஆகாததன்று. நம்முள் நிலவரிச் சீட்டு உடையவர் பலர். காவல்நிலையத்தில் ஒரு தாய் தனியாக நிற்கின்றார் என்று கேள்வியுற்றால் மூன்று நாள் எண்ணாமல் உடன் செல்வது ஆகாததன்று. வழக்கறிஞரான அன்பர்கள், மேலே சொன்ன விதிகளை எளிய தமிழில் ஒற்றைத்தாளாக அச்சிட்டு முந்திரி ஆலை வாயிலில் கொடுப்பது ஆகாததன்று. தாய்மார் பகலில் காவல்நிலையம் வாரார். ஆலை வாயிலுக்கு நாள்தோறும் வருவர்.

அப்பையன் என்னானான் என்று கேட்பீர்கள். பல்லாண்டு ஊர்ப்பக்கம் வரவில்லை. கேரளத்தில் கொத்துவேலை கற்று, மணந்து, திரும்பி வந்து இப்பொழுது எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் இருக்கின்றான். சென்ற ஆண்டு ஒருநாள் சாலையில் என்னைக் கண்டு மிதிவண்டியை நிறுத்தினான். பழைய பாட்டொன்றின் முதல் அடியைச் சொல்லிச் சிரித்தான்; அது யான் அவனுக்குக் கற்பித்தது. சிவப்பு மையைப் பற்றி அவன் கேட்கவில்லை, யானும் சொல்லவில்லை. மகள் படிக்கின்றாளா என்று கேட்டேன். படிக்கின்றாள், பள்ளியில் காலையில் பொங்கலும் உப்புமாவும் போடுகின்றார்கள், அதனால் ஒருநாளும் தவறாமல் செல்கின்றாள் என்றான்.

வருகின்ற சூன் திங்களில் அவள் ஆறாம் வகுப்பிற்குச் செல்கின்றாள்.